அண்ணன் பிறந்த வீட்டுக் கதவு

என் அண்ணன் மலாக்காவில் பிறந்தவன் என்பதற்கு எழுத்தில் இருந்த ஒரே சாட்சி ஒரு கதவு. இதைச் சொன்னால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அந்தக் கதவைத் தேடி அலைந்தவன் நான். எனக்கு அன்றைக்கும் சிரிப்பு வரவில்லை, இன்றைக்கும் வரவில்லை.

நாடு சுதந்திரம் அடைந்த மறு வருஷம் அது. எனக்கு இருபத்து மூன்று வயது. பஸ்ஸில் டிக்கெட் கிழிக்கிற வேலை. புக்கிட் பாருவில் ஒரு தகரக் கூரை வீட்டில் அம்மாவும் நானும் இருந்தோம். அப்பா பி.டபிள்யூ.டி.யில் ரோடு போடுகிற வேலை பார்த்தவர். அவர் இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அண்ணன் இந்தியாவில், நாகப்பட்டினத்துப் பக்கம், மாமா வீட்டில் இருந்தான்.

அவனை அங்கே அனுப்பியபோது அவனுக்கு ஒன்பது வயது, எனக்கு நாலு. இரண்டு வருஷம் அங்கே படித்துவிட்டு வரட்டும் என்று மாமா கூட்டிப்போனார். அதற்குள் ஜப்பான்காரன் வந்துவிட்டான், கப்பல் நின்றுவிட்டது. சண்டை முடிந்த பிறகு மாமாவுக்கு உடம்பு சரியில்லை, அதற்கப்புறம் இவனுக்கு அங்கே ஒரு வேலை, அதற்கப்புறம் இன்னொரு காரணம். வரவேண்டும் என்று அவன் மும்முரமாகக் கிளம்பியபோது, மலாயாவில் பிறந்ததைக் காட்டாமல் உள்ளே விடமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். நான் ஆஸ்பத்திரியில் பிறந்தவன், என் பத்திரம் பெட்டியில் இருந்தது. அண்ணன் வீட்டில் பிறந்தவன். அப்பா அதைப் பதிந்தாரா இல்லையா என்பதே அம்மாவுக்குத் தெரியவில்லை.

அண்ணனின் முகம் எனக்கு ஞாபகம் இல்லை. இதை நான் அம்மாவிடம் கடைசி வரை சொன்னதில்லை. ஒரு போட்டோ இருந்தது, அதில் இருக்கிற ஆள் எனக்கு யாரோ. ஆனால் அம்மா தினமும் சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து, கால் வீக்கத்தைத் தேய்த்துக்கொண்டு, அவனைப் பற்றியே பேசுவாள். அவன் வந்தால் எங்கே படுப்பான், அவனுக்கு இந்த ஊர்ச் சாப்பாடு பிடிக்குமா என்பது வரைக்கும் பேசுவாள். எனக்குச் சில நாள் எரிச்சல் வரும். பக்கத்தில் இருக்கிறவனை ஒரு வார்த்தை சாப்பிட்டியா என்று கேட்கக் கூடாதா என்று கத்தியிருக்கிறேன். அவள் உடனே எழுந்து போய்ச் சோறு போடுவாள். அது இன்னும் மோசம்.

பதிவு ஆபீஸில் இருந்த மலாய்க்காரக் கிளார்க் நல்ல மனிதர். அண்ணன் பிறந்த வருஷத்துப் பேரேடுகளை இரண்டு தரம் புரட்டிப் பார்த்தார். இல்லை. குடும்பத்துக்கு வெளியே, அந்தக் காலத்தில் பெரியவர்களாக இருந்த இரண்டு பேரைச் சாட்சிக்குக் கூட்டிவா என்றார். அப்படி யாரும் மிச்சம் இல்லை. மருத்துவச்சி செத்துவிட்டாள், பக்கத்து அறைக்காரர்களில் பாதிப் பேர் ஜப்பான்காரன் காலத்தில் போனவர்கள், மீதிப் பேர் எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியாது. நான் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றதைப் பார்த்து அவருக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும்.

"பிறந்தபோதே யாராவது எழுதிவைத்தது ஏதாவது இருக்கிறதா? ஒருத்தர் தன் வீட்டுக் குர்ஆனின் முதல் பக்கத்தில் எழுதியிருந்ததைக் கொண்டுவந்தார். பெரிய அதிகாரி ஒத்துக்கொண்டார்" என்றார் மலாயில். "சீக்கிரம் பார். இனிமேல் கெடுபிடி கூடும்."

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"கதவுல இருக்கே."

"எந்தக் கதவு?"

"காஜா பெராங் வீட்டுக் கதவு. அவன் பொறந்த ஒடனே ஜாதகத்துக்கு நேரம் குறிக்கணும்னு மருத்துவச்சி கத்துனா. காகிதம் எங்க இருந்துச்சு வீட்ல? உங்கப்பா ஆணியெடுத்துக் கதவுக்கு உள்பக்கம் கீறி வச்சாரு. தேதி, நேரம், நட்சத்திரம், ஊரு, அவரு பேரு, எல்லாம். அப்புறம் அவனுக்குப் பேரு வச்ச அன்னிக்கு அதையும் கீழ எழுதுனாரு."

மறுநாள் போய்ச் சொன்னபோது கிளார்க் பேனாவைக் கீழே வைத்தார். "கதவா?" என்றார். பிறகு, "சரி, கொண்டு வா. இதுவரைக்கும் யாரும் கதவு கொண்டுவந்ததில்லை" என்றார்.

அந்த வீட்டை நாங்கள் விட்டு வந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும். காஜா பெராங்கில், மலாக்காச் செட்டிகள் குடியிருக்கும் கம்பத்தை, அதாவது அவர்கள் கிராமத்தை, ஒட்டி நின்ற பெரிய மரவீடு. கீழே வீட்டுக்காரர்கள், அவர்களும் செட்டிகள்தான், மேலே ஆறு அறைகளில் எங்களைப் போல ஆறு தமிழ்க் குடும்பங்கள். எல்லாம் செங்கால் என்கிற வைரம் பாய்ந்த காட்டு மரம். தூணும் உத்தரமும் துளைக்குள் துளை பொருத்தி மர முளை அடித்து நிறுத்தியவை, சட்டத்தில் ஓர் இரும்பாணி கிடையாது என்று வீட்டுக்காரர் பெருமை பேசுவார். மேல்மாடியில் ஒருவர் நடந்தால் எல்லா அறையிலும் பாத்திரம் குலுங்கும். அம்மாவுக்கு அந்தச் சத்தம் பிடிக்காது. எனக்குப் பிடிக்கும்.

ஓய்வு நாளில் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். வீடு நின்ற இடத்தில் லாலான் புல் இடுப்பளவு வளர்ந்திருந்தது. புல்லைக் காலால் விலக்கினேன், தூண்களுக்கு அடியில் வைத்திருந்த கற்கள் வரிசையாகத் தென்பட்டன. எண்ணிப் பார்த்தேன், பதினாறு. எங்கள் அறை இருந்த இடத்துக்கு நேர்கீழே நின்று அண்ணாந்து பார்த்தேன். வெறும் வானம். ஒரு வீட்டில் பிறந்தவனுக்கு அந்த வீடு இருந்ததற்கே ஆதாரம் தேடவேண்டிய கேவலம் நமக்கு ஏன் என்று அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. கல்லை ஓங்கி உதைத்தேன். கால் கட்டைவிரல் நகம் பெயர்ந்ததுதான் மிச்சம்.

வீட்டுக்காரர் இறந்துபோயிருந்தார். அவருடைய மகள் பக்கத்திலேயே ஒரு செங்கல் வீட்டில் இருந்தாள். மலாய்ப் பெண்களைப் போல கெபாயாச் சட்டையும் சாரோங்கும் கட்டி, நெற்றியில் திருநீறு பூசியிருந்தாள். மலாக்காச் செட்டிகளுக்குத் தமிழ் வராது. சாமி பெயரும் சடங்குப் பெயரும்தான் தமிழ், பேச்செல்லாம் அவர்களுக்கே உரிய மலாய். அக்காவுக்கு அவர்கள் சொல்கிற மாதிரி காக்கா என்று கூப்பிட்டு, நான் யார் வீட்டுப் பிள்ளை என்று சொன்னேன். அவளுக்கு என் அப்பாவை நன்றாக ஞாபகம் இருந்தது. அண்ணன் பிறந்த அன்று மேல்மாடியில் அழுகைச் சத்தம் கேட்டதும் ஞாபகம் இருந்தது. அப்போது அவளுக்கு ஏழு வயது. ஏழு வயதுச் சாட்சியை ஆபீஸில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

"ரூமா சுடா தாடா" என்றாள். வீடுதான் இல்லையே என்கிற அர்த்தத்தில். நாங்கள் குடிமாறிப் போன சில மாதங்களில் அவளுடைய அப்பா அதை விற்றுவிட்டாராம். இடித்து விற்கவில்லை. தச்சன் வந்து ஒவ்வொரு தூணிலும் உளியால் கோடு கோடாகக் கொத்தி அடையாளம் வைத்தான், முளைகளைத் தட்டி எடுத்தான், முழு வீட்டையும் கழற்றி மாட்டுவண்டிகளில் ஏற்றினான். அந்தக் கோடுகளை வைத்து வேறு இடத்தில் அப்படியே திரும்ப நிறுத்திவிடலாம். வாங்கினவர் புக்கிட் ரம்பாயில் ரப்பர்த் தோட்டம் வைத்திருந்த ஒரு சீன முதலாளி, தவுக்கே என்பார்கள்.

வீடு அழியவில்லை, இடம் மாறியிருக்கிறது! அவளுக்கு அந்தச் சந்தோஷம் இல்லை. வருஷா வருஷம் முன்னோருக்கு வாழையிலை போட்டுப் படையல் வைக்கிறார்கள் அல்லவா, அவளுடைய அப்பா இந்தச் செங்கல் வீட்டுக்கு வழி கண்டுபிடித்து வருகிறாரா என்று ஒவ்வொரு வருஷமும் தனக்குச் சந்தேகமாக இருக்கிறது என்றாள். நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. என் நினைப்பெல்லாம் புக்கிட் ரம்பாய்க்குப் போகும் பஸ்ஸில் இருந்தது.

அன்றைக்கே அண்ணனுக்குக் கடிதம் போட்டேன். அவசரக்குடுக்கை நான். கதவு கிடைத்த மாதிரிதான், துணிமணி எடுத்துவை என்று எழுதினேன். இதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

அண்ணனின் கடிதங்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அப்பா இறந்ததிலிருந்து ஒரு கடிதம் விடாமல் அவன் அந்தச் சாவைப் பற்றியே கேட்பான். மூத்த மகன் அவன், கொள்ளி வைக்க வேண்டியவன் அவன். தந்தி அவன் கைக்குக் கிடைத்தபோது எல்லாம் முடிந்து மூன்று நாள் ஆகிவிட்டது. யார் குளிப்பாட்டினார்கள், எத்தனை பேர் வந்தார்கள், மழை பெய்ததா என்று கேட்பான். நானும் சொன்னதையே சொல்லுவேன். மழை பெய்தது. குளிப்பாட்ட பெஞ்சு கிடைக்கவில்லை. தண்ணீர்ப் பீப்பாய்க்குப் பின்னால் சுவரில் சாய்த்து வைத்திருந்த ஒரு பழைய பலகைத் தட்டியை நான்தான் இழுத்துப் போட்டேன். பி.டபிள்யூ.டி. வீடு எதையோ இடித்தபோது அப்பா தூக்கிவந்ததாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். கண்டதையெல்லாம் வீட்டுக்குக் கொண்டுவருகிற ஆள் அவர், அதற்காக அம்மாவிடம் தினமும் வாங்கிக் கட்டிக்கொள்வார். கரையான் ஏறாமல் இரண்டு செங்கல் மேல் நிறுத்தி, ஓரமெல்லாம் தார் பூசி வைத்திருந்தார். ரோடு போடுகிறவர் வீட்டில் தார் பூசாத பொருள் எது? அதன் ஓரத்தில் மும்மூன்றாக ஓட்டைகள் இருந்தன. ஊற்றின தண்ணீர் அந்த ஓட்டைகள் வழியாக ஒழுகியதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அம்மா உள்ளே பெண்களோடு இருந்தாள். பிணம் குளித்த பலகையைத் திரும்ப வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது என்று பெரியவர்கள் சொன்னார்கள். சுடுகாட்டுக்கே எடுத்துப்போய் விறகோடு விறகாக அடுக்கினோம். அண்ணன் இல்லாததால் கொள்ளி நான் வைத்தேன். மழையில் நனைந்த விறகு பிடிக்கவில்லை, தார் பூசிய அந்தப் பலகைதான் முதலில் பற்றியது. இதையும் அண்ணனுக்கு எழுதியிருந்தேன்.

புக்கிட் ரம்பாய்க்கு ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் போனேன். தவுக்கேயின் தோட்டம் பஸ் போகிற சடக்கிலிருந்து நடக்கிற தூரம். தூரத்திலிருந்தே பார்த்துவிட்டேன். கூரைச் சரிவு அதே சரிவு. ஆனால் ஜன்னல் ஒன்றும் இல்லை, பலகை இடுக்குகளில் புகை கசிந்துகொண்டிருந்தது. ரப்பர்த் தகடுகளைத் தொங்கவிட்டு, கீழே விறகு போட்டுப் புகை காட்டிக் காயவைக்கிற புகைவீடாக்கிவிட்டார் எங்கள் வீட்டை.

தவுக்கே ஐம்பது வயதுக்காரர், பனியனும் கால்சட்டையுமாக இருந்தார். விஷயத்தைச் சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார், நெருப்பு அணைகிற நேரம் வரை காத்திருக்கச் சொல்லி உள்ளே கூட்டிப்போனார். கண் எரிந்தது, ரப்பர் நாற்றம் மூக்கை அடைத்தது. தூண்களெல்லாம் கரேல் என்று எண்ணெய் பூசிய மாதிரி மின்னின. ஒரு தூணைக் கையால் துடைத்தேன். உளிக்கோடுகள் இருந்தன, நாலு நேர்க்கோடும் குறுக்கே ஒன்றும். மாடிப்படி பொருந்தியிருந்த துளைகள் காலியாக இருந்தன. ஒவ்வொரு உத்தரமாகப் பார்த்துக்கொண்டே போனவன் ஓர் இடத்தில் நின்றுவிட்டேன். உத்தரத்தில் ஓர் இரும்புக் கொக்கி. எங்கள் அறையில் தொட்டில் கட்டிய கொக்கி அது. முதலில் அண்ணன் ஆடினது, பிறகு நான் ஆடினது. இப்போது அதில் ஒரு கம்பி கட்டி ரப்பர்த் தகடு தொங்கவிட்டிருந்தார்கள்.

கொக்கியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். வெளியே வந்ததும், "கதவுகள் எங்கே?" என்று கேட்டேன்.

"கதவு நான் எடுக்கவில்லை. புகைவீட்டுக்கு எதற்கு அத்தனை கதவு? தச்சன் அங்கேயே அடுக்கிவைத்து, வேண்டியவர்களுக்குக் கொடுத்தான்" என்றார். பிறகு ஏதோ நினைவு வந்து சிரித்தார். "ஓர் ஆள் மட்டும் மூன்று நாளாக வந்து நின்றான். உங்கள் தமிழ் ஆள்தான், உயரம், பி.டபிள்யூ.டி. காக்கிச் சட்டை. அதிகம் பேச மாட்டான். மேல்மாடிக் கதவு ஒன்று, அது மட்டும் வேண்டும் என்றான். எல்லாக் கதவையும் திருப்பித் திருப்பி உள்பக்கத்தைப் பார்த்து, தேடி எடுத்தான். தச்சன் கீல் இல்லாமல்தான் தருவேன் என்று சொன்னான். அந்த ஆள் உட்கார்ந்து, கீல்களைத் தானே கழற்றி, துடைத்து, தச்சன் கையில் கொடுத்துவிட்டுப் போனான். பக்கத்துக்கு மும்மூன்று திருகாணி. அவ்வளவு பொறுமை."

மும்மூன்று என்று அவர் சொன்னபோது எனக்கு முதலில் ஒன்றும் உறைக்கவில்லை. நன்றி சொல்லிவிட்டு, அப்பா எடுத்துவிட்டார், அப்பா எடுத்துவிட்டார் என்று மனசுக்குள் குதித்துக்கொண்டே சடக்கு வரை நடந்தேன். அப்படியானால் கதவு நம் வீட்டில்தான் எங்கேயோ இருக்கிறது. எங்கே வைத்திருப்பார்? பஸ் நிற்கிற இடத்தில் வந்து நின்ற பிறகுதான் எனக்குத் தண்ணீர் தெரிந்தது. ஓட்டைகள் வழியாக, மும்மூன்றாக, ஒழுகிக்கொண்டிருந்த தண்ணீர்.

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். பஸ் வந்தது, என் கூட வேலை செய்கிற ஆள்தான் கண்டக்டர், ஏறுடா என்று கூப்பிட்டான். நீ போ என்று கையை ஆட்டினேன். அடுத்த பஸ்ஸும் போனது. ஒன்பது வருஷம் அந்த மனிதர் ஒரு வார்த்தை சொல்லாமல், செங்கல் வைத்து, தார் பூசி, எழுத்துப் பக்கத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பி, வெயில் மழை படாமல் காத்திருக்கிறார். மகன் வருவான், ஒரு நாள் இது வேண்டியிருக்கும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. வாயைத் திறந்து ஒரு தரம் சொல்லியிருக்கக் கூடாதா? அவர் மேல் அப்படி ஓர் ஆத்திரம் வந்தது. அப்புறம் அந்த ஆத்திரமும் என் மேலேயே திரும்பியது. இழுத்துப் போட்டவன் நான். தூக்கிப்போனவன் நான். நெருப்பு வைத்தவனும் நான். ஒரு தரம், ஒரே ஒரு தரம், குனிந்து அடிப்பக்கத்தைப் பார்த்திருந்தால் போதும்.

அம்மாவிடம் பத்து நாள் சொல்லவில்லை. கதவு கிடைச்சுதா என்று நான் வேலை விட்டு வரும்போதெல்லாம் கேட்பாள். தேடிக்கிட்டிருக்கேன் என்பேன். அவள் முகத்தைப் பார்க்காமல் சாப்பிட்டு எழுந்துவிடுவேன். அதற்குள் அண்ணனிடமிருந்து பதில் வந்துவிட்டது. பெட்டி வாங்கிவிட்டேன், அம்மாவுக்குச் சுங்குடிச் சேலை எடுத்திருக்கிறேன் என்று எழுதியிருந்தான். அம்மா அந்தக் கடிதத்தை என்னை மூன்று தரம் படிக்கச் சொன்னாள். மூன்றாவது தரம் சேலை என்கிற இடத்தோடு நிறுத்திவிட்டேன். கடிதத்தை மடித்து வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவள் அழுவாள், என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. அவள் வீங்கின காலை நீட்டி, முழங்காலைத் தடவிக்கொண்டு, தண்ணீர்ப் பீப்பாய் இருந்த பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே அந்த இரண்டு செங்கல்லும் அப்படியே கிடந்தன.

"அப்பாவப் படுக்க வச்சப்ப எழுத்து எந்தப் பக்கம் இருந்துச்சு?" என்றாள்.

"என்னம்மா?"

"மேலயா, கீழயான்னு கேக்குறேன்."

கீழே. மேலே இருந்திருந்தால் நான் பார்த்திருப்பேனே, இந்தக் கதையே வேறு மாதிரி முடிந்திருக்குமே. அது அவளுக்குத் தெரியாதா?

"மேலதான்மா" என்றேன்.

"அப்ப அவன் பேரு அவரு முதுகுல பட்டிருக்கும்."

"ஆமாம்மா."

"அவனுக்கும் அப்படியே எழுதிடு. மேலதான் இருந்துச்சுன்னு எழுது" என்று சொல்லிவிட்டு, சுவரைப் பிடித்து எழுந்து, அடுப்படிக்குப் போனாள்.

அப்படியே எழுதினேன். அதற்குப் பிறகு அண்ணன் அப்பாவின் சாவைப் பற்றிக் கேட்டு எழுதவில்லை. வரவும் இல்லை.